குளவியைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் யார் வீட்டு ஜன்னலில் மண் உருண்டை தெரிந்தாலும் அதன் படம் என் போனுக்கு வந்துவிடும். கூடவே வரும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் நோகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், குளவியா குழவியா?

கொட்டுவது குளவி. குழவி என்றால் கைக்குழந்தை. அம்மியின் மேல் உருளும் கல்லும் குழவிதான். பேச்சில் 'கொளவி' என்று சொல்லிவிடுவதால் எழுதும்போது இந்தக் குழப்பம் வருகிறது. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் வருகிற 'குளவி' வேறு. அது காட்டு மல்லிகை.

குளவி, கதண்டு, தேனீ எல்லாம் ஒன்றா?

மூன்றும், எறும்பையும் சேர்த்து, ஒரே பெருங்குடும்பம். உண்மையில் எறும்பும் தேனீயும் பழங்காலக் குளவிகளின் வழியில் வந்தவைதான். உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட குளவி இனங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். நம் கண்ணில் படுவது அதில் துளி.

பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. தேனீ உடம்பில் ரோமம் இருக்கும், இடுப்பு அவ்வளவாகத் தெரியாது. குளவி வழவழப்பாக இருக்கும், இடுப்பு நூல் போலச் சிறுத்திருக்கும். கதண்டும் குளவிதான், ஆனால் உருவத்தில் பெரியது. கறுப்பு அல்லது செம்பழுப்பு உடம்பு, வயிற்றில் அகலமாக ஒரு மஞ்சள் பட்டை, வரும்போதே கனமான ரீங்காரம். கதம்ப வண்டு, கடந்தை, விஷ வண்டு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். செய்தித்தாளில் 'விஷ வண்டு கடித்து' என்று படித்தால் பெரும்பாலும் இந்தக் கதண்டைத்தான் சொல்கிறார்கள். அது வண்டும் இல்லை, அது செய்தது கடியும் இல்லை.

இந்த வேறுபாடு முக்கியம். வீட்டுக்குள் மண் கூடு கட்டுகிற குளவிக்குப் பயந்து மருந்து அடிப்பவர், பனைமரத்தில் தொங்கும் கதண்டுக் கூட்டின் மேல் கல் எறியும் பையனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார். பயப்பட வேண்டிய இடம் தலைகீழாகப் போய்விடுகிறது.

வீட்டுக்குள் மண் கொண்டுவந்து கூடு கட்டுவது எது?

மண் குளவி. நம் பக்கத்தில் அதிகம் தென்படும் ஒன்றின் அறிவியல் பெயர் ஸ்கெலிஃப்ரான் மத்ராஸ்படானம். ஆமாம், மதராஸ்பட்டினமேதான். 1781இல் ஃபாப்ரிசியஸ் என்ற டென்மார்க் அறிஞர் வைத்த பெயர். அதன் நெருங்கிய உறவுக்காரர் ஒருவருக்குக் 'கோரமண்டலிக்கம்' என்று பெயர். இரண்டுமே நம் கடற்கரையின் பெயரைச் சுமந்துகொண்டு பறக்கின்றன.

போன ஆவணியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், யாரும் பயன்படுத்தாத பிளக் பாயின்ட்டை ஒட்டி ஒன்று வேலையைத் தொடங்கியது. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். குழாயடி ஈரத்தில் இறங்கி, வாலைத் தூக்கிக்கொண்டு, தாடையால் மண்ணைச் சுரண்டி உருட்டுகிறது. பட்டாணியை விடச் சிறிய உருண்டை. அதைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் வைத்ததும் 'ங்ங்ஙீ' என்று ஒரு சத்தம். சிறகுத் தசைகளை அதிரவிட்டு, அந்த அதிர்வில் மண்ணை இளக்கி வளையமாக இழைக்கிறது. கான்கிரீட் போடும்போது வைப்ரேட்டர் விடுவார்களே, அதே வேலைதான். ஒரு அறைக்கு இருபது முப்பது நடை. நம் விரல் கணு அளவுக்கு ஒரு குழாய் எழும்புகிறது. அதன் வாய் மூடியதும் பக்கத்தில் இன்னொன்று. கடைசியில் எல்லாவற்றின் மேலும் மண்ணை அப்பி, சுவரில் யாரோ சேற்றை எறிந்தது போல ஆக்கிவிட்டுப் போய்விடும்.

இதில் ராணி கிடையாது, வேலைக்காரி கிடையாது. ஒரே ஒரு தாய், அவ்வளவுதான். குளவி இனங்களில் பெரும்பான்மை இப்படித் தனியாக வாழ்பவைதான். காக்க ஒரு கூட்டம் இல்லாததால் பாய்ந்து வந்து கொட்டும் குணமும் கிடையாது. கையில் பிடித்து நசுக்கினால் கொட்டும். அது நியாயம்தானே.

அந்தக் கூட்டுக்குள் என்ன இருக்கிறது?

சிலந்திகள். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் ஒரு கூட்டைப் பெயர்த்தபோது ஓர் அறை உடைந்தது. செய்தித்தாளை விரித்துக் கொட்டினேன். பதினொரு குட்டிச் சிலந்திகள், கால்களை மடக்கிக்கொண்டு, துவண்ட நிலையில். ஊசியால் தொட்டால் ஒன்றிரண்டின் கால் நுனி இலேசாக அசைந்தது. ஒன்றின் வயிற்றில் அரிசிக் குருணை போல வெளுப்பாக ஒரு புழு ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் குளவிக் குஞ்சு.

தாய்க் குளவி சிலந்தியைக் கொல்வதில்லை. கொட்டி முடமாக்குகிறது. கொன்று வைத்தால் நம் ஊர் வெயிலில் இரண்டு நாளில் அழுகிவிடும். முடக்கி வைத்தால் புழு தின்று முடிக்கும் வரை இறைச்சி கெடாது. ஒரு சிலந்தியின் மேல் முட்டையை வைத்து, அறையை நிரப்பி, வாயை அடைத்துவிட்டுத் தாய் கிளம்பிவிடும். குஞ்சின் முகத்தை அது பார்ப்பதே இல்லை. உள்ளே புழு பொரித்து, ஒவ்வொரு சிலந்தியாகத் தின்று, கூட்டுப்புழுவாகி, சில வாரங்களில் மண்ணைக் கடித்துத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

செடிக் குச்சியிலோ சுவரிலோ தனியாகக் குட்டிப் பானை போல, வாய் விளிம்பு வெளியே மடிந்து அழகாக இருந்தால் அது இன்னொரு வகை, பானைக் குளவி. அது சிலந்தியைத் தொடாது, பச்சைப் புழுக்களைத்தான் பிடிக்கும். முட்டையை முதலிலேயே கூரையிலிருந்து ஒரு நூலில் தொங்கவிட்டுவிட்டு, அப்புறம்தான் இரை தேடப் போகும். புழு முழுதாக மரத்துப் போகாமல் நெளிந்தாலும் முட்டை நசுங்காது.

குளவி கொட்டிக் கொட்டிப் புழுவையே குளவியாக்கிவிடும் என்பது உண்மையா?

இல்லை. ஆனால் இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று யோசித்தால் நம் முன்னோர் மேல் மரியாதைதான் வருகிறது. அவர்கள் கண்டதெல்லாம் சரி. குளவி ஒரு புழுவைத் தூக்கிப் போகிறது, கொட்டுகிறது, மண்ணுக்குள் வைத்து மூடுகிறது, ரீங்காரமிடுகிறது. சில வாரம் கழித்து அதே மண்ணிலிருந்து குளவி வருகிறது. இடையில் நடந்தது மட்டும் மூடிய கூட்டுக்குள் நடந்தது. அதை வைத்துத்தான் குரு சீடனைத் தன்னைப் போல ஆக்குவதற்கு வேட்டுவக் குளவியை உவமையாக்கினார்கள். வடமொழியிலும் இதே உவமை உண்டு.

உவமை அழகானது. பூச்சியின் கதை கொஞ்சம் குரூரமானது. உள்ளே போன புழு குளவிக் குஞ்சுக்குச் சாப்பாடு.

வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்குமாமே?

பாட்டிமார்கள் சொல்வார்கள். செம்மண்ணில் கட்டினால் இது, கரிசலில் கட்டினால் அது என்று ஆண் பெண் கணக்கும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். குளவி பக்கத்தில் எந்த மண் ஈரமாகக் கிடைக்கிறதோ அதை எடுக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் இந்த நம்பிக்கையை நான் கேலி செய்வதில்லை. இதனால் எத்தனையோ கூடுகள் துடைப்பத்துக்குத் தப்பியிருக்கின்றன.

பச்சையாக மினுங்கும் ஒரு குளவி கரப்பானை இழுத்துக்கொண்டு போனது. என்ன அது?

பார்த்தீர்களா? கொடுத்து வைத்தவர். அதன் பெயர் ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸ்ஸா, மரகதக் குளவி என்று சொல்லலாம். மயில் கழுத்து நிறம், பின் தொடைகள் சிவப்பு.

இது கரப்பானை இரண்டு முறை கொட்டும். முதல் கொட்டு நெஞ்சுப் பகுதியில். முன்னங்கால்கள் கொஞ்ச நேரம் செயலிழக்கும். அந்த இடைவெளியில் இரண்டாவது கொட்டு தலைக்குள், குறிபார்த்து மூளையில். அதற்கப்புறம் கரப்பானுக்கு நடக்கத் தெம்பு இருக்கும், ஆனால் தானாக ஓட வேண்டும் என்ற எண்ணம் போய்விடும். குளவி அதன் மீசையைப் பாதி கடித்து, கசியும் நீரைக் குடித்துவிட்டு, மீதி மீசையைப் பிடித்துக்கொண்டு மாட்டை ஓட்டிப் போவது போல நடத்திக்கொண்டு போகும். கரப்பானும் சாதுவாகப் பின்னால் நடக்கும். பொந்துக்குள் கொண்டுபோய், காலில் ஒரு முட்டை ஒட்டி, வாசலைச் சிறு கற்களால் அடைத்துவிடும். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

குடையைக் கவிழ்த்தது போல ஜன்னல் கம்பியில் தொங்குகிறதே, சாம்பல் நிறக் கூடு?

அது காகிதக் குளவி. காகிதம் என்பது சும்மா சொன்ன பேச்சில்லை. பழைய கதவு, வேலிக்கம்பு, காய்ந்த தண்டு ஆகியவற்றிலிருந்து நாரைச் சுரண்டி, எச்சிலோடு மென்று, தாளாகப் பரப்பி அறுகோண அறைகள் கட்டுகிறது. இதைப் பார்த்துத்தான் பிரெஞ்சு அறிஞர் ரியோமூர், மரக்கூழிலிருந்து காகிதம் செய்யலாமே என்று 1719இல் எழுதினார். அப்போது ஐரோப்பாவில் காகிதம் கந்தல் துணியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கூடு ஒரு மெல்லிய காம்பில்தான் தொங்கும். எறும்பு ஏறாமலிருக்க அந்தக் காம்பில் தன் வயிற்றிலிருந்து ஒரு சுரப்பைத் தடவி வைக்கும். நாம் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பதில்லையா?

தென்னிந்தியாவில் சாதாரணமாகக் காணப்படும் ரோபலிடியா மார்ஜினேட்டா என்ற காகிதக் குளவியை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். ஒவ்வொரு குளவிக்கும் வண்ணப் புள்ளி வைத்து, யார் யாரை விரட்டுகிறார், யார் யாருக்கு ஊட்டுகிறார் என்று மணிக்கணக்காகக் குறித்தார்கள். அதில் தெரிந்தது வேடிக்கையானது. ராணி என்றால் அதட்டி மிரட்டுபவள் என்று நினைப்போம். இந்தக் கூட்டில் ராணிதான் இருப்பதிலேயே சாது. அவளை எடுத்துவிட்டால், சில நிமிடங்களுக்குள் வேலைக்காரிகளில் ஒருத்தி மட்டும் திடீரென்று முரட்டுத்தனமாகிறாள். மற்றவர்கள் யாரும் போட்டிக்கு வருவதில்லை. சில நாளில் அவள் முட்டையிடத் தொடங்குகிறாள், அப்புறம் அவளும் சாதுவாகிவிடுகிறாள். அடுத்த வாரிசு யார் என்று பார்க்கும் மனிதர்களுக்கு முன்கூட்டித் தெரிவதில்லை, குளவிகளுக்குத் தெரிந்திருக்கிறது. பதவி மாற்றம் இத்தனை சத்தமில்லாமல் நடப்பது பூச்சிகளிடத்தில்தான் முடியும் போல.

குளவி என்ன சாப்பிடும்? தேன் சேர்க்குமா?

வளர்ந்த குளவிக்கு இனிப்புத் தண்ணீர் போதும்: பூந்தேன், பழச்சாறு, பதநீர். இடுப்பு அவ்வளவு ஒல்லி, கட்டியான எதுவும் வயிற்றுக்குப் போகாது. இறைச்சி எல்லாம் குஞ்சுக்கு. கூட்டமாக வாழும் குளவிகளில், இறைச்சி தின்ற புழு பதிலுக்குச் சத்துள்ள நீரைச் சுரந்து பெரியவர்களுக்குக் கொடுக்கும். பிள்ளை சமைத்து அம்மாவுக்கு ஊட்டுவது போல. நம் ஊர்க் குளவிகள் எதுவும் தேன் சேர்ப்பதில்லை. மெக்சிகோ பக்கம் ஒரு வகை சேர்க்கிறது.

ஆண் குளவி கொட்டுமா?

கொட்டாது. கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பிலிருந்து உருமாறி வந்தது. ஆணுக்கு அது எப்படி இருக்கும்? கருவுறாத முட்டையிலிருந்து வருபவை ஆண்கள். அதாவது ஆண் குளவிக்கு அப்பா கிடையாது, தாத்தா உண்டு.

பனைமரத்தில் கதண்டு கூடு இருக்கிறது. என்ன செய்வது?

நீங்கள் ஒன்றும் செய்யாதீர்கள். இது ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பானவன். கல் எறியாதீர்கள், புகை போடாதீர்கள், பெட்ரோல் பந்தம் கட்டாதீர்கள். 'குளவிக் கூட்டில் கை வைத்தது போல' என்ற வழக்கு சும்மா வந்ததில்லை.

கதண்டுக் கூடு மண் கூடு மாதிரி இல்லை. பழுப்புக் காகிதத்தில் அலை அலையாக வரி ஓடும் உறை, உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், வெளியே சிறு வாசல். உள்ளே நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒன்றை நசுக்கினால் அதன் விஷத்திலிருந்து எழும் வாசனையே மற்றவற்றுக்கு அபாயச் சங்கு. தேனீயின் கொடுக்கு முள் உள்ளது. ஒரு முறை கொட்டினால் தோலிலேயே மாட்டிக்கொள்ளும். கதண்டின் கொடுக்கு அப்படி மாட்டாது, ஒன்றே பல முறை கொட்டும்.

ஆள் நடமாட்டமுள்ள இடமென்றால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், எண் 101 அல்லது 112. அவர்கள் பெரும்பாலும் இரவில் வந்து எடுப்பார்கள். அப்போதுதான் எல்லாம் கூட்டுக்குள் அடங்கியிருக்கும். ஆளரவமற்ற தோப்பில் உயரத்தில் இருந்தால் விட்டுவிடுவதே நல்லது என்பேன்.

கொட்டிவிட்டால்?

முதலில் அந்த இடத்தைவிட்டு ஓடுங்கள். முகத்தை மூடிக்கொண்டு, வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ. தேனீ என்றால் மாட்டிய கொடுக்கை உடனே எடுத்துவிட வேண்டும். எப்படி எடுக்கிறோம் என்பதை விட எவ்வளவு சீக்கிரம் என்பதே முக்கியம். குளவி என்றால் எடுக்க ஒன்றும் இருக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் ஐஸ் சுற்றி வையுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள், வீங்கினால் அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

சுண்ணாம்பு, வினிகர் எல்லாம் தோலுக்கு மேலேதான் நிற்கும், விஷமோ உள்ளே இறங்கியிருக்கிறது. சுண்ணாம்பு கூடுதலாகப் புண்ணாக்கவும் செய்யும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் வேறு: கொட்டாத இடத்திலும் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சு இறைப்பு, தலைசுற்றல், வாந்தி. இது ஒவ்வாமை. ஒரே கொட்டு போதும், சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்தாகலாம். இதற்கு மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. 108ஐக் கூப்பிடுங்கள், காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. கதண்டு நிறையக் கொட்டியவர் அன்றைக்கு எழுந்து நடந்து வீட்டுக்கு வந்துவிடுவார். ஓரிரு நாள் கழித்துச் சிறுநீர் குறையும், கறுத்துப் போகும். விஷம் தசையையும் ரத்த அணுக்களையும் சிதைத்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடுகிறது. டயாலிசிஸ் வரை போனவர்கள் உண்டு. பத்துக்கு மேல் கொட்டு வாங்கியிருந்தால் வலி குறைந்தாலும் மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இலங்கை மலையகத்தில் தேயிலை கொழுந்து பறிப்பவர்களைக் கொட்டுவதும் இந்தக் குளவிதானா?

'குளவி கொட்டுக்கு இலக்கான தொழிலாளர்கள்' என்று அங்கே அடிக்கடி செய்தி வரும். ஆனால் பல சம்பவங்களில் கொட்டியது பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் திறந்த அடையாகத் தொங்கும் பெருந்தேனீ. சிங்களத்தில் பம்பரா என்பார்கள். கதண்டும் கொட்டுவதுண்டு. அங்குள்ள பேச்சில் இரண்டையும் குளவி என்றே சொல்வதால் செய்தியிலும் அப்படியே வந்துவிடுகிறது. கொட்டு வாங்கிய பெண்ணுக்குப் பெயர் எதுவானால் என்ன என்று தோன்றலாம். மருத்துவருக்கு வித்தியாசம் உண்டு: பெருந்தேனீ என்றால் உடம்பில் நூற்றுக்கணக்கில் கொடுக்குகள் மாட்டியிருக்கும், அவற்றை முதலில் எடுக்க வேண்டும்.

அத்திப்பழத்துக்குள் குளவியா?

ஆமாம், அத்தி, ஆல், அரசு எல்லாவற்றிலும். 'அத்தி பூத்தாற்போல' என்கிறோமே, அத்தி பூக்காமல் இல்லை. நூற்றுக்கணக்கான பூக்கள் அந்தக் காய்க்குள்ளேயே உள்பக்கம் பார்த்துப் பூத்திருக்கின்றன. அங்கே போய் மகரந்தம் சேர்ப்பது எறும்பை விடச் சிறிய ஒரு குளவி. காயின் அடியில் உள்ள துளை அவ்வளவு இறுக்கம், உள்ளே நுழையும்போதே சிறகு பிய்ந்துவிடும். வெளியே வருவதில்லை. முட்டையிட்டுச் சாகும். உள்ளே பிறக்கும் ஆணுக்குச் சிறகே கிடையாது. பெண்களோடு கூடி, அவர்கள் வெளியேற வழி தோண்டிவிட்டு, பெரும்பாலும் அங்கேயே செத்துப்போகும். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் பூச்சி என்ற பழமொழி, நேரே பார்த்துச் சொன்னது. அந்தப் பூச்சி இல்லையென்றால் ஆலமரத்தில் விதையும் இல்லை.

விவசாயிக்கு இவற்றால் பயன் உண்டா?

கரும்பு போடுகிறவர்களைக் கேளுங்கள், டிரைக்கோகிரம்மா அட்டை என்று சொல்வார்கள். இடைக்கணுப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கிற, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குளவி அது. அந்தக் குளவி வளரும் முட்டைகளை ஒட்டிய காகித அட்டையைத் தோகையின் அடியில் கட்டிவிட்டால் போதும்.

பெரிய கதை 2008இல் கோயம்புத்தூரில் ஆரம்பித்தது. பப்பாளியை வெள்ளையாக மூடிய மாவுப்பூச்சி, வெளிநாட்டிலிருந்து வந்தது. மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்து அடித்தும் மெழுகுப் பூச்சுக்குள் இறங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற பொடிக் குளவியை வரவழைத்து, பெருக்கி, வேளாண் பல்கலைக்கழகம் மூலம் தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. மரவள்ளிக்கு வேறொரு மாவுப்பூச்சி வந்தபோதும் இதே வழிதான். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்த குளவியை 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள்.

குளவி விமானத்தையே இறக்கிவிட்டதாமே?

2013 நவம்பரில் பிரிஸ்பேனிலிருந்து கிளம்பிய ஒரு பயணிகள் விமானத்தில் வேகமானி தவறாகக் காட்ட, திரும்பி வந்து இறங்க வேண்டியதாயிற்று. காற்றின் வேகத்தை அளக்கும் குழாயை மண் அடைத்திருந்தது. விமானம் தரையில் நின்றது இரண்டு மணி நேரம்தான். இப்போது அங்கே நின்றதும் குழாய்க்கு உறை மாட்டிவிடுகிறார்கள்.

சரி, ஜன்னலில் உள்ள மண் கூட்டை எப்போது எடுக்கலாம்?

கூட்டின் மேல் வட்டமான துளைகள் தெரிகின்றனவா பாருங்கள். அறை ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை இருந்தால் குஞ்சுகள் போய்விட்டன, எடுத்துவிடலாம். மண்ணை நனைத்துவிட்டுப் பழைய கத்தியால் நெம்பினால் சுண்ணாம்பு பெயராமல் வரும். பிளக் பாயின்ட் ஓட்டைக்குள் இருந்தால் முதலில் மெயினை அணைத்துவிடுங்கள். துளை இல்லையென்றால் சில வாரம் பொறுங்கள்.

எங்கள் பின்கட்டுக் கூட்டில் ஐப்பசியில் நான்கு துளைகள் விழுந்தன. எடுக்கலாம் என்று கத்தியோடு போனால், அதில் ஒரு துளையைப் பச்சை இலைத் துண்டுகளால் யாரோ அடைத்திருந்தார்கள். இலைவெட்டித் தேனீ குடி வந்துவிட்டது.